வில்லுமாட்டு பங்களாவுக்குப் போன கதவு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பானுமதியின் பட்டறையைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைக்காக வருகிறவர்கள். நவராத்திரிக்கு முன்னால் பொம்மைக்காரர்கள் வருவார்கள், கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு வியாபாரிகள். ஆடி மாத வெயிலில் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய அமுதவள்ளி இவர்களில் யாரும் இல்லை. ஐம்பது வயதிருக்கும். முடியைக் குட்டையாகக் கத்தரித்து, நரையை அப்படியே விட்டிருந்தார். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பொருளைப் பிரித்து மேசைமேல் வைத்தார். பாதி உடைந்த ஒரு பழைய டைல். நீலம் என்று சொல்ல வாயெடுத்தால் பச்சை தெரிந்தது. பச்சை என்று நினைத்தால் நீலமாகிவிட்டது.

இதே நிறத்தில், இதே கனத்தில் வேண்டும் என்றார் அமுதவள்ளி. சென்னையில் கேட்டாராம், புதுச்சேரியில் கேட்டாராம். கிட்டத்தட்ட அதே மாதிரி செய்து தருகிறோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். அந்தக் கிட்டத்தட்ட அவருக்கு வேண்டாம்.

பானுமதி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடைந்த ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். சூளையைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவன் குருமூர்த்தி, உள்ளேயிருந்து கண்ணாலேயே வேண்டாம் என்றான். ஃப்யூஸ் கட்டைக்கு வெள்ளை ஒன்றுதான் நிறம். நிறத்தைத் துரத்திக்கொண்டு போனால் சூளைச் செலவு என்னாவது என்பது அவன் கவலை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் முதலில் இடத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலைப் பார்த்து நின்றது அந்த வீடு. வில்மட் என்ற துரை கட்டியது. விக்டோரியா ராணி காலத்தில் மணிலாக் கொட்டை என்கிற வேர்க்கடலையும் அவுரிச் சாயமும் கப்பலேற்றிச் சம்பாதித்தவர். ஊர்க்காரர்கள் வாயில் அது வில்லுமாட்டு பங்களா ஆகி, பிறகு அந்தப் பெயருக்குப் பொருத்தமாக, அங்கே எப்போதும் ஒரு வில்வண்டி நின்றது என்று கதையும் உண்டாகிவிட்டது. அமுதவள்ளியின் தாத்தா அதை வில்மட் குடும்பத்தாரிடமிருந்து வாங்கினார். மணிலா மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்தது, சில வருடம் பள்ளிக்கூடமாக இருந்தது. சுனாமி வந்தபோது மீனவர் குடும்பங்கள் வாரக்கணக்கில் அதன் மாடியில் தங்கியிருந்தன. பெங்களூரில் மற்றவர்களுடைய ஓட்டல்களை நடத்தியே அலுத்துப்போன அமுதவள்ளி, இப்போது இதையே ஓட்டலாக்கித் தானே நடத்துவது என்று வந்துவிட்டார்.

பானுமதி கடலூர்ப் பக்கம் வெள்ளைக்காரர் பங்களாக்களைப் பார்த்திருக்கிறாள். தட்டை மாடி, தடித்தடித் தூண்கள், அகலத் தாழ்வாரம். இந்த வீடு அப்படி இல்லை. செங்குத்தாகச் சரிந்த கூரை, கூரை விளிம்பில் பின்னல் வேலை போல மரச்செதுக்கு, கடலை எட்டிப் பார்ப்பதற்காகவே சுவரை விட்டு முன்னால் புடைத்து நிற்கும் கண்ணாடி ஜன்னல்கள். பனி விழுகிற ஊரில் பனி சறுக்கிப் போவதற்காகக் கட்டும் கூரையாம் அது. இங்கே அதில் வழிந்தது ஐப்பசி மழை மட்டும். உப்புக்காற்று தின்ற சுவரிலும் ஒரு மிடுக்கு இருந்தது. ஜன்னல் திட்டில் பலகை போட்டு உட்கார இடம் செய்திருந்தார்கள். பானுமதி அதில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்று பக்கமும் கடல். எழுந்திருக்க மனம் வரவில்லை.

டைல் வேண்டியது கூடத்தில் இருந்த கணப்புக்கு. சுவருக்குள் குடைந்த அடுப்பு, மேலே புகைபோக்கி, சுற்றிலும் அந்த நிறத்து டைல்கள். பாதிக்குமேல் உதிர்ந்திருந்தன. மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊரில் கணப்பு எதற்கு என்று கேட்டாள் பானுமதி.

துரைசாணி கேட்டதற்காக என்றார் அமுதவள்ளி. அவள் பெயர் மார்கரெட். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கடலோரச் செங்குத்துப் பாறையின்மேல் அவள் அப்பாவின் வீடு இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டு வந்தது. கல்யாணமாகி அவள் கப்பலேறும்போது, தோட்டச் சுவருக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி திரும்பக்கூட இடமில்லை. இங்கே வந்து இறங்கியதும் புருஷனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் வீட்டை இங்கே கட்டிக் கொடுங்கள். அவள் வரைந்து கொடுத்ததைப் பார்த்துப் பரங்கிப்பேட்டைத் தச்சர்களும் கொத்தர்களும் கட்டினார்கள். கணப்பை ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்குத்தான் மூட்டினார்களாம். புகை வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டு, வீடு பற்றிக்கொண்டது என்று வேலைக்காரர்கள் குடத்தோடு ஓடிவந்தார்களாம். அதோடு சரி. பிறகு புகைபோக்கி மைனாக்களுக்குச் சொந்தமாகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் மார்கரெட்டின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி இங்கிலாந்திலிருந்து வந்து இதையெல்லாம் சொல்லி, அங்கிருந்த வீட்டின் புகைப்படம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாளாம். அமுதவள்ளி அதையும் இந்த வீட்டின் பழைய படத்தையும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார். பின்னால் தெரிகிற தென்னையை வைத்துத்தான் எது எந்த வீடு என்று சொல்ல முடிந்தது.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கதவு இல்லை. பிளைவுட் பலகையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பழைய கதவு கறையான் அரித்துப் போய்விட்டதாம். புதுக்கதவு போட்டால் இந்த வீட்டில் அது ஒட்டாது. பழைய தேக்குக் கதவு தேடி அமுதவள்ளி காரைக்குடி வரைக்கும் போயிருந்தார். அங்கே கிடைத்ததிலெல்லாம் யானையும் யாளியும் கஜலட்சுமியும். இந்த வீட்டுக்கு அதிகம் வேலைப்பாடு இல்லாத, நல்ல கனமான இரட்டைக் கதவு வேண்டும்.

பானுமதி அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்த வீட்டுக் கதவு, அதே மாதிரி வேலைப்பாடில்லாத தேக்கு இரட்டைக் கதவு, நினைவுக்கு வந்தது. அதை அப்போது அவள் சொல்லவில்லை.

அவள் பிறந்த வீடு கம்மாபுரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் இருந்தது. நிலக்கரிச் சுரங்கம் ஊரின் விளிம்புக்கு வந்து, ஊரையே காலி செய்யச் சொல்லி வருடங்கள் ஆகிவிட்டன. பொங்கல் கழிந்ததும் இடிப்பது என்று இப்போது முடிவாகியிருந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் போனபோது கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாவற்றையும் கழற்றி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருவில் மிச்சம் இருந்தது பானுமதியின் அண்ணன் விருத்தகிரியும் அண்ணி ஆண்டாளும் மட்டும்தான். விருத்தகிரி ஓர் ஆணியைக்கூடக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். இடிக்கிறவர்கள் முழு வீட்டை இடிக்கட்டும், தன் கையாலேயே வீட்டை உரித்துக் கொடுக்க முடியாது என்பது அவர் பேச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானுமதி அங்கே போனாள். சாப்பிட்டு முடித்த பிறகு பங்களாவைப் பற்றிச் சொன்னாள். கதவைப் பற்றியும் மெல்லச் சொன்னாள். விருத்தகிரி கை கழுவின ஈரத்தைத் துடைக்காமல் நின்றார்.

"வெள்ளக்காரன் வூட்டுல ஒரு சில்லு பேந்தா ஊரெல்லாம் தேடி ஒட்டுப் போடுறாங்க. நம்ம வூடு நல்லா நிக்கிது. அத இடிக்கிறாங்க. இதுல கதவையும் நானே கழட்டிக் கொண்டுபோயி குடுக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் பானுமதிக்குப் பட்டது. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஆண்டாள் கூட வந்தாள். தெரு காலியானதிலிருந்து அவர் எங்கேயும் போவதில்லை என்றாள். கல்யாணம், சாவு எதற்கும் இல்லை. கடைக்குப் போவதுகூட ஆண்டாள்தான்.

"வூட்டுக்குக் காவல் இருக்கேன்னு சொல்றாரு. ஆளே இல்லாத தெருவுல யாருகிட்டேர்ந்து காவல்?" என்றாள்.

டைல் வேலை பானுமதி நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அச்சும் கனமும் சுலபமாகப் பிடிபட்டன, நிறம்தான் பிடிபடவில்லை. முதல் சூளையில் பிளாஸ்டிக் வாளி நீலத்தில் வந்தது. அடுத்ததில் பாசிப்பச்சை. குருமூர்த்தி கெட்டுப்போனவற்றை எண்ணி ஒரு மூலையில் அடுக்கினான். பிறகு அவனே ஒருநாள், துரு கொஞ்சம் கலந்து பார்க்கலாமே, நிறம் அடங்கும் என்றான். கொஞ்சம் கலந்தார்கள், இன்னும் கொஞ்சம் கலந்தார்கள். கார்த்திகை விளக்கு அவசரமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சூளை திறந்தபோது, மேல்தட்டில் இருந்தவை அந்த உடைந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாமல் இருந்தன. குருமூர்த்தி ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஃப்யூஸ் கட்டை இனிமேல் அழகாகத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தான்.

பெட்டிகளை வேனில் ஏற்றிக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று பானுமதி அண்ணனைக் கூப்பிட்டாள். ஆள் கிடைக்காமல் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆண்டாள்தான், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒருநாள் போய்விட்டு வாருங்கள் என்று அவரைத் தள்ளிவிட்டாள்.

பங்களாவில் இறங்கியதும் விருத்தகிரி ஒன்றையும் பார்க்காதவர் மாதிரி பெட்டிகளைச் சுமந்து உள்ளே வைத்தார். வேலை முடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் நின்றார். மேஸ்திரிகள் டைல் ஒட்ட ஆரம்பித்தார்கள். அமுதவள்ளி அவரிடம் வந்து, எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே வீட்டின் கதையைச் சொன்னார். மார்கரெட், அவள் அப்பாவின் வீடு, கரையைத் தின்ற கடல். விருத்தகிரி இரண்டு படங்களுக்கும் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இந்த வூடு இப்ப அங்க இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவங்க இங்க வந்து கொஞ்ச வருஷத்துலயே கடல்ல போயிடுச்சு. அவங்க அப்பா கடைசி வரைக்கும் வெளிய வரமாட்டேன்னு உக்காந்துட்டாராம். நாலு பேரு நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்களாம்."

"கூட எதுவும் எடுத்துட்டு வரலையா?"

"எதையும் எடுக்க விடலையாம்."

விருத்தகிரி தென்னை இல்லாத படத்தின் பக்கம் நகர்ந்தார். பிறகு, "அப்ப இந்தம்மாவுக்கு அவங்க அப்பா வூட்டுலேந்து ஒரு சாமான்கூட வரல" என்றார்.

வரவில்லை என்றார் அமுதவள்ளி. எல்லாமே நினைவிலிருந்து கட்டியதுதான். அதனால்தான் இந்த வீட்டில் பல அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஜன்னல்கள் அளவுக்கு மீறிப் பெரிது. மாடிப்படி ஓர் ஆள் ஏறுவதற்கே சிரமம். அந்த அம்மாவுக்கு எது நினைவில் பெரிதாக இருந்ததோ அது பெரிதாகிவிட்டது போலிருக்கிறது என்றார்.

விருத்தகிரி போய் அந்த ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார். மேஸ்திரிகள் வேலையை முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி டீக்கடையில் வேனை நிறுத்தினார்கள். டீயைப் பாதி குடித்துவிட்டு விருத்தகிரி சொன்னார்:

"கதவக் குடுத்துடலாம் பானு. ஆனா வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்த கதவுன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாது. நம்ம வூட்டுக் கதவுன்னு சொல்லணும்."

"கேட்டுப் பாக்கறேண்ணே."

"கேக்காத. சொல்லிடு."

அமுதவள்ளி உடனே ஒப்புக்கொண்டார். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் தனக்கு விவரம் வேண்டும் என்றும் கேட்டார். வீட்டை யார் கட்டினார், எந்த வருடம், தேக்கு எங்கேயிருந்து வந்தது. பானுமதி அண்ணனுக்குப் போன் செய்தாள். பாட்டனுக்கு அப்பா கட்டியது என்றார். அவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு, வீட்டில் மூத்தவர் என்றுதான் சொல்வார்கள், பெயர் தெரியாது என்றார். ஆண்டாள் போனை வாங்கி, நிலை வைத்த அன்றைக்கு நல்ல மழை என்று மாமியார் சொன்னதுண்டு என்றாள். அவ்வளவுதான்.

போனை வைத்த பிறகு பானுமதிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எங்கோ பிறந்து பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரிக்கு எந்த ஜன்னல் பிடிக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் சொந்த வீட்டைக் கட்டியவருக்குப் பெயர்கூட இல்லை. அமுதவள்ளியிடம் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னாள். அவர், மழை பெய்தது போதும், அதைச் சொல்கிறேன் என்றார்.

மார்கழியில் தச்சரும் ஆட்களும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று ஆண்டாள் சொல்லிவிட்டதால் சனிக்கிழமை வந்தார்கள். அவள் காலையிலேயே வாசல் தெளித்து, பெரிதாகக் கோலம் போட்டு, நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். தலைமுறை தலைமுறையாகப் பூசின மஞ்சள் மரத்துக்குள்ளேயே இறங்கி, கீழ்ப்பக்கம் தேன் நிறமாக மாறியிருந்தது. கற்பூரம் காட்டி முடித்ததும் விருத்தகிரி முதல் கடப்பாரையைத் தானே வாங்கிக்கொண்டார். சுவர் எளிதில் விடவில்லை. நிலை பெயர்ந்து வந்தபோது உள்ளே பச்சை மண் தெரிந்தது, ஆற்றுமண் வாசம் வந்தது. ஆண்டாள் அழுதாள். விருத்தகிரி அழவில்லை. கதவை வண்டியில் ஏற்றியதும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் அவர்கள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள், வாசலில் ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டு. ஆடுகள் உள்ளே வந்தன. ஒரு நாய் கூடத்தில் வந்து படுத்துக்கொண்டு போகவே இல்லை. ஆனால் ஆண்டாள் போனில் சொன்ன செய்தி வேறு. அவர் வெளியே போக ஆரம்பித்துவிட்டாராம். சேத்தியாத்தோப்புப் பக்கம் குத்தகைக்கு நிலம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு வந்தாராம். கதவு போன பிறகு காவல் காக்கிற வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்றாள்.

பங்களாவில் கதவை நிறுத்துகிற அன்றைக்கு எல்லோரும் போனார்கள். குருமூர்த்தியும் வந்திருந்தான். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். பக்கத்துக்கு ஒரு முழம் இடைவெளி. மேலே இன்னும் அதிகம். பெரியவர் சட்டையைச் சிறுபிள்ளை போட்டுக்கொண்டால் தொளதொளவென்று இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. பானுமதிக்கு முகம் வெந்தது. அளவெடுத்துவிட்டு வரட்டுமா என்று தச்சர் கேட்டபோது, வேண்டாம், எனக்கு நன்றாகத் தெரியும், சரியாக இருக்கும் என்று சொன்னது அவள்தான். சின்ன வயதில் அந்தக் கதவின் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டியதே இல்லை. அண்ணன்தான் தூக்கிப் பிடிப்பார். அந்த உயரத்திலேயே கதவு அவள் மனதில் நின்றுவிட்டது.

விருத்தகிரி கதவையும் பார்த்தார், வாசலையும் பார்த்தார், தங்கையையும் பார்த்தார். "நீயும் அந்த வெள்ளக்காரம்மா மாதிரிதான் அளந்திருக்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. அமுதவள்ளியும் சிரித்துவிட்டார்.

மேலே மரம் கொடுத்து உயர்த்திவிடலாம் என்று தச்சர் சொன்னார். விருத்தகிரி வேண்டாம் என்றார். அமுதவள்ளி வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, மாடியில் கடலைப் பார்த்த சின்ன அறை ஒன்றைக் காட்டினார். விருந்தினர்கள் உட்கார்ந்து புத்தகம் படிப்பதற்கென்று வைத்திருந்த அறை. அதன் வாசல் இந்த நிலையைவிடச் சிறியது. சுவரைக் கொஞ்சம் கொத்தினால் போதும். அந்தக் குறுகலான மாடிப்படியில் கதவை ஏற்ற முடியவில்லை. கயிறு கட்டி வெளிப்பக்கமாகத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். தச்சர் நிலையை இழைத்துப் பளபளப்பாக்கப் போனபோது, கீழ்ப்பக்கத்து மஞ்சளை மட்டும் விட்டுவிடும்படி பானுமதி கேட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்துக்குக் கடைசியில் அமுதவள்ளி கண்ணாடிக் கதவு போட்டார். அது அங்கே ஒட்டவில்லைதான். பழகிவிடும் என்றார்.

தை பிறந்து வீடு இடிந்தது. பானுமதி போகவில்லை. விருத்தகிரியும் நிற்கவில்லை, ஆண்டாளோடு விருத்தாசலத்தில் பிடித்திருந்த வாடகை வீட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஓட்டல் திறந்தது. ஆவணியில் இன்னும் கொஞ்சம் டைல் வேண்டும் என்று அமுதவள்ளி கூப்பிட்டார். இந்த முறை குளியலறைக்கு. அளவெடுக்கப் பானுமதியே நாடாவோடு போனாள். அப்போது சென்னையிலிருந்து வந்த ஏழெட்டுப் பேருக்கு அமுதவள்ளி வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பானுமதி பின்னால் போய் நின்றாள். கணப்பு, புகைக் கதை, குடத்தோடு ஓடி வந்தவர்கள், இரண்டு படங்கள். எல்லோரும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். மாடிக்குப் போனார்கள். சின்ன அறையின் வாசலில் அமுதவள்ளி நின்றார். இந்தக் கதவு இந்த வீட்டுக்குச் சொந்தமானதில்லை, கம்மாபுரத்தில் இருந்த விருத்தகிரி என்பவருடைய வீட்டுக் கதவு, அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது சுரங்கம் இருக்கிறது, இதை முதன்முதலில் நிறுத்திய அன்றைக்கு நல்ல மழை பெய்ததாம் என்றார்.

கம்மாபுரம் இல்லை, அதற்கும் அப்பால். பானுமதி திருத்தவில்லை. ஒரு பெண் குனிந்து மஞ்சள் இறங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். மற்றவர்கள் அறைக்குள் போய், கடல் தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கீழே இறங்கிவந்து பானுமதி அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். அவர் சேத்தியாத்தோப்பில் குத்தகை வயலில் இருந்தார். நடவு ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அமுதவள்ளி சொன்னதை அவள் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். பெயரைச் சொன்னார்களா என்று ஒருமுறை கேட்டார். சொன்னார்கள் என்றாள்.

"சரி" என்றார். பிறகு, நாளைக்கு மீன் வாங்க வேண்டும் என்று ஆண்டாள் சொன்னாள், பரங்கிப்பேட்டையில் நல்ல மீன் கிடைக்கும், வரும்போது வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றார். நாற்று போதவில்லை என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார்.

பானுமதி நாடாவை எடுத்துக்கொண்டு குளியலறைச் சுவரை அளக்கப் போனாள்.